சம்பந்தி பார்த்துக் கொடுத்த வீடு

ஜூன் 4

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்கும் நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு மாடி அறையின் கூரை பெயர்ந்து விழுந்தது. ஏதோ காரை உதிர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சிமெண்டும் ஜல்லியுமாக ஒரே பாளம், ஒரு ஆள் தூக்க முடியாத கனம். விழுந்தது உங்கள் பேத்தியின் கட்டில்மேல். பலகை இரண்டாகப் பிளந்துவிட்டது. வழக்கமாக அந்த நேரத்தில் அவள் அதில் தூங்கிக்கொண்டிருப்பாள். நேற்று சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தாள். நானும் விடாமல் இன்னும் ரெண்டு வாய், இன்னும் ரெண்டு வாய் என்று கீழே உட்கார வைத்திருந்தேன். சுண்டெலி என்று செல்லமாகக் கூப்பிடுவீர்களே, அந்தச் சுண்டெலி அடம் பிடித்ததால் இன்றைக்கு இருக்கிறாள்.

உங்களுக்குப் பதினொரு தடவை போன் செய்தேன். மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. என் மகன் செய்தான், எடுக்கவில்லை. உங்கள் மகளைச் செய்யச் சொன்னேன். "அப்பா எடுக்க மாட்டாரு அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன்.

வீடுகளைப் பரிசோதித்துச் சான்று கொடுப்பது உங்கள் தொழில். இந்த வீட்டையும் நீங்கள் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாங்கினோம். சம்பந்தியே பார்த்துக் கொடுக்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தவள் நான். உங்கள் அறிக்கை இப்போது என் எதிரில் இருக்கிறது. ஆறாம் பக்கம்: "மாடி அறை. கூரை தட்டிப் பார்க்கப்பட்டது. குறை இல்லை."

ஒரே ஒரு கேள்வி. தட்டினீர்களா?

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 8

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. குழந்தை கீழே இருந்தாள் என்ற வரிக்கு வந்து சேரும்வரை வாசலில் நின்றபடியே படித்தேன். அதற்கப்புறம் மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது. கூரைக்கு நான்கு இடத்தில் முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இரும்பு முட்டாக இருக்க வேண்டும், மரம் வேண்டாம். அந்த அறைக்கு மேலே மொட்டைமாடியில் பாரம் எதுவும் இருந்தால் இறக்கிவிடுங்கள். துணி காயப்போடக்கூட மேலே போக வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. நாங்கள் வீட்டை உடைத்துப் பார்ப்பதில்லை. கண்ணால் பார்க்கிறோம், தட்டிப் பார்க்கிறோம். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அது எழுதியிருக்கிறது. விற்றவர் எல்லா அறைக்கும் புதிதாக வெள்ளை அடித்து வைத்திருந்தார். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கூரை உள்ளுக்குள்ளேயே பிளந்து நிற்கும். வெளியில் தெரியாது.

தட்டினீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தட்டினேன். என்னிடம் நுனியில் இரும்புக் குண்டு வைத்த நீளக் கம்பு ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கம்பு படாமல் ஒரு கூரையைக்கூட நான் தாண்டி வந்ததில்லை.

போன் எடுக்காதது மரியாதைக் குறைவாகத் தோன்றியிருந்தால் மன்னிக்க வேண்டும். இந்த மாதிரி விஷயம் எழுத்தில் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. நான் இப்போது வருவதும் சரியாக இருக்காது. அறிக்கை கொடுத்தவனே வந்து கூரையில் கை வைத்தான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும்.

மகள் எப்படி இருக்கிறாள்?

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 11

சம்பந்தி அவர்களுக்கு,

முட்டுக் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தால் கட்டட வேலை நடக்கிற இடம் மாதிரி இருக்கிறது. மகனும் மருமகளும் குழந்தையும் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். நான் என் அறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

நேற்று ஒரு இன்ஜினியரை வரவழைத்தோம். அவர் உங்களைப் போல விசேஷக் கம்பெல்லாம் கொண்டுவரவில்லை. எங்கள் வீட்டுத் துடைப்பக் கட்டையை வாங்கித் தட்டினார். கூரையின் நடுப்பகுதி முழுக்க உள்ளே காலி என்று சத்தமே சொன்னது. காலி என்றால் யாருக்கும் தெரிகிற காலி. மாடிப்படியில் நின்ற என் மகனுக்கே கேட்டது. அவனுக்கு வீட்டைப் பற்றி என்ன தெரியும்? ஆணி அடித்தால் கட்டைவிரலைத்தான் அடித்துக்கொள்வான். "இது எத்தனையோ வருஷமா இப்படித்தான் இருக்கும்மா. தட்டியிருந்தா சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்" என்றார் இன்ஜினியர்.

ஆக, தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் தட்டவில்லை. மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

நான் முப்பத்தோரு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். கத்தரியையும் பஞ்சையும் எண்ணி முடிக்காமல் ஒரு வயிற்றையும் தைக்க விட்டதில்லை. எத்தனை பெரிய டாக்டராக இருந்தாலும் ஒரு பஞ்சு குறைகிறது என்றால் நிறுத்தச் சொல்லிவிடுவேன். எனக்கு இந்த "தட்டிப் பார்க்கப்பட்டது" என்ற பேச்செல்லாம் பிடிக்காது. யார் தட்டினார்கள், எங்கே தட்டினார்கள்?

உங்கள் சங்கத்தில் விசாரணைக் குழு இருக்கிறதாமே. பரிசோதகர் தவறவிட்டார் என்று முடிவானால் அவர்களே கூரையை மாற்றிக் கொடுப்பார்களாம், பரிசோதகரின் லைசென்ஸ் போகுமாம். இருபத்தைந்தாம் தேதிவரை பொறுத்திருப்பேன். உண்மையை நீங்களே எழுதிக் கொடுத்தால் சரி. இல்லையென்றால் புகார் போகும்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் மகளை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறாள். அப்பா செய்ததற்கு அவள் தலைகுனிந்து நடப்பதைப் பார்க்க எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 15

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

புகார் கொடுப்பது உங்கள் உரிமை. கொடுங்கள். தவறவிட்டான் என்று எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். தட்டவில்லை என்று மட்டும் எழுத வேண்டாம்.

இந்தத் தொழிலில் இரண்டு வகை ஆள் உண்டு. வாசலில் நின்று புரோக்கரோடு காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவன் ஒரு வகை. அந்த வகையில் என்னைச் சேர்க்காதீர்கள். இந்த வீட்டுக்கு முன்னால் உங்களுக்கு மூன்று வீடு பார்த்தேன். மூன்றையும் வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். ஒன்றில் அஸ்திவாரம் இறங்கியிருந்தது, ஒன்றில் சுவர் முழுக்க ஈரம், மூன்றாவதில் மின் வயரெல்லாம் கருகிக் கிடந்தது. மூன்றாவது வீட்டை நான் வேண்டாம் என்றபோது நீங்களே முகத்தைச் சுளித்தீர்கள். நினைவிருக்கும்.

அன்றைக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தேன். வெளிச்சுவர், தண்ணீர்த் தொட்டி, கீழ்த்தளம். பதினொன்றரைக்கு மாடி. நீங்கள் அப்போது பின்பக்கம் விற்றவரோடு கழிவுநீர்க் குழாய்க்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். மாப்பிள்ளை குழந்தையை வைத்திருந்தார். மாடியில் நானும் மகளும் மட்டும்தான். சுவர் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு அடிக்கு ஒரு தட்டு என்று வரிசையாகத் தட்டினேன். அவள் பக்கத்திலேயே நின்றாள். வேண்டுமானால் அவளையே

அவளை இதில் இழுக்க வேண்டாம். அவள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

சம்பந்தி


ஜூன் 18

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பாதியில் நிறுத்திய ஒரு வரி இருக்கிறது. அடிக்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை. அது என்னைத் தூங்கவிடவில்லை.

தியேட்டரில் எல்லோரும் முகமூடி போட்டிருப்பார்கள். முகமே தெரியாதவர்களை முப்பத்தோரு வருஷம் பார்த்துப் பழகியதில், ஆளை வைத்த கண் வாங்காமல் கவனிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. அதை வைத்துச் சொல்கிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தால் நீங்கள் எப்போதும் வலது பக்கம் சுவர் இருக்கிற நாற்காலியில்தான் உட்காருவீர்கள். வேறு யாராவது அதில் இருந்தால் எழும்வரை நின்றுகொண்டே இருப்பீர்கள். பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்ப்பீர்கள். சம்பந்திக்கு மரியாதை தெரியவில்லை என்று என் மகனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் சுண்டெலி உங்கள் முதுகுப் பக்கம் நின்று "தாத்தா, தாத்தா" என்று கூப்பிட்டுக் களைத்துப் போய், சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினீர்கள். இப்போது போனையும் எடுப்பதில்லை. எல்லாம் எழுத்தில் வேண்டுமாம்.

உங்களுக்குக் காது கேட்கவில்லை.

நீங்கள் தட்டியிருப்பீர்கள், நம்புகிறேன். தட்டிவிட்டு, ஒன்றும் கேட்காமல், குறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது வழி இதுதான்.

ஒன்று சொல்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜன் இருந்தார். தங்கமான மனுஷன். என் கல்யாணத்துக்கு லீவு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஒருநாள் அவர் கை நடுங்குவதைப் பார்த்தேன். இன்னொரு நாளும் பார்த்தேன். மூன்றாவது நாள் மேலிடத்தில் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு வேலை போனது. அதற்கப்புறம் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் செய்தது தப்பென்று ஒருநாளும் தோன்றவில்லை. மேஜைமேல் படுத்திருக்கிறவர்களுக்கு அவர் தங்கமானவர் என்பதால் என்ன பயன்?

நீங்கள் எத்தனை வீட்டுக்கு இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்? அந்த வீடுகளில் எத்தனை கட்டில் இருக்கிறது?

இருபத்தைந்தாம் தேதி என்று சொன்னதில் மாற்றமில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். என் கையால் இன்னொருவர் வேலையைப் பறிக்க வைக்காதீர்கள்.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூன் 23

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உண்மைதான். மூன்று வருஷம் ஆகிறது. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் எதிரே நின்று பேசினால் கேட்கும், மெல்லிய சத்தம் எதுவும் ஏறாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நான்காக மடித்துப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். என் மனைவி போன பிறகு இதைச் சொல்ல எனக்கு ஆளும் இல்லை. மகளுக்கு மட்டும் தெரியும்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பீர்கள். கெட்டித் தளத்தைத் தட்டினால் கணீரென்று சொல்லும், உள்ளே பிளந்த தளம் மொத்தென்று சொல்லும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு, வேறு எதுவும் எனக்குத் தெரியாது. கம்பின் அதிர்வைக் கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெரும்பாலும் பிடித்தும் இருக்கிறேன். சந்தேகமான இடத்தில் கேட்டுச் சொல்வதற்கு ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போவேன். உங்கள் வீட்டைப் பார்த்த நாளில் அவர் வரவில்லை.

மற்ற வீடுகளைப் பற்றிக் கேட்டீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மூன்று வருஷத்தில் நான் பார்த்த வீடுகள் அத்தனைக்கும் வேறு ஆள் வைத்து மறுபடி பார்க்கும்படி எழுதி அனுப்பத் தொடங்கிவிட்டேன்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மாடி அறையின் கூரையை நான் தட்டவில்லை. முன்பு எழுதியது பொய். கொத்தனார் இல்லை, காது கேட்கவில்லை, நேரமும் ஆகிவிட்டது. பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது, தட்டாமல் விட்டுவிட்டேன். இதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு பிரதி சங்கத்துக்கும் போய்விட்டது. உங்களுக்குக் கூரை கிடைக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். முந்தாநாள் மகள் இங்கே வந்திருந்தாள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். இதைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். அவள் டார்ச்தான் பிடித்தாள்.

சம்பந்தி


ஜூன் 27

சம்பந்தி அவர்களுக்கு,

கையெழுத்திட்ட கடிதம் கிடைத்தது. மகன் படித்துவிட்டு மேஜையில் ஓங்கி அறைந்தான். "மாமா இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. நானும் அங்க போறதா இல்ல" என்றான். உங்கள் மகள் அடுப்பங்கரையில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் எண்ணிக்கை உதைக்கிறது.

எட்டாம் தேதி தட்டினேன் என்கிறீர்கள். பதினைந்தாம் தேதி, சுவர் ஓரத்திலிருந்து அடிக்கு ஒரு தட்டு என்று கணக்குச் சொல்கிறீர்கள். தட்டவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள் என்று கெஞ்சுகிறீர்கள். இருபத்தொன்றாம் தேதி மகள் வந்து போகிறாள். இருபத்து மூன்றாம் தேதி நீங்களே உங்கள் கையால் தட்டவில்லை என்று எழுதுகிறீர்கள். காதைப் பற்றிய பாதி உண்மை. அதற்குக் கீழே ஒட்டவைத்த பாதி எனக்குச் சரியாகப் படவில்லை.

கொத்தனார் வராத அன்று, பக்கத்தில் நின்று கேட்டது யார்?

நீங்கள் கேட்டுக்கொண்டதால் அவளிடம் நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை. எத்தனை நாளைக்கு என் வாய் சும்மா இருக்கும் என்று எனக்கே தெரியாது.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூலை 9

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நேற்று குழு கூடியது. தட்ட வேண்டிய கூரையைத் தட்டாமல் சான்று கொடுத்ததற்காகவும், காதுக் குறையை மறைத்ததற்காகவும் லைசென்ஸ் ரத்து. என்னோடு இருபது வருஷம் பழகியவர்கள் இருவர் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தட்டாமலேயா, என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றேன்.

அடுத்த மாதம் உங்கள் கூரையை மாற்ற ஆள் அனுப்புவார்கள்.

வீட்டை வாங்குகிறவர்கள் தரப்பில் ஒருவரே குறை தெரிந்தும் மறைத்திருந்தால் சங்கம் எதுவும் செய்து தராது. விதி அப்படி. அதனால் தயவுசெய்து இதோடு விட்டுவிடுங்கள். மாப்பிள்ளை என்னை வெறுக்கட்டும், அது எனக்குச் சமாளிக்கக் கூடியதுதான். அவளை வெறுத்தால் அவள் போவதற்கு ஒரு இடம்தான் இருக்கிறது. இங்கே வந்து இந்தச் செவிட்டுக் கிழவனோடு உட்கார்ந்திருக்க வேண்டும். வேண்டாம் சம்பந்தியம்மா. நீங்கள் எண்ணிப் பார்க்கிறவர். இந்த ஒன்றை மட்டும் எண்ணாமல் விடுங்கள்.

சம்பந்தி


ஜூலை 29

சம்பந்தி அவர்களுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் மகன் வேலைக்குப் போன பிறகு மருமகள் என் அறைக்கு வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும். கையில் ஒட்டாத உறை ஒன்று வைத்திருந்தாள். என் கட்டில்மேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"அப்பா தட்டினாரு அத்தை. ஒரு இடம் விடாம தட்டினாரு. ஒவ்வொரு வரிசையும் முடிச்சிட்டு என் மூஞ்சியப் பாப்பாரு. நான் தலையாட்டணும். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நடுவுல வந்ததும் மொத்து மொத்துன்னு கேட்டுச்சு. நான் நல்லாருக்குப்பான்னு சொன்னேன்."

எனக்கு எழுந்து அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. அதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அந்தக் கட்டில் பிளந்து கிடந்ததுதான் கண்முன்னால் வந்தது. "ஏன்டீ?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மூணு வீடு போச்சு அத்தை. இதுவும் போச்சுன்னா இன்னும் ஒரு வருஷம் அந்தத் திரைக்குப் பின்னாடி இருக்கணும். காரைதானே, அப்புறமாப் பூசிக்கலாம்னு நெனச்சேன். எம்புள்ள மேல விழும்னு நெனைக்கல."

அந்தத் திரையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், ராத்திரியில்தான் இழுத்துவிடுவோம். எங்கள் பழைய வாடகை வீட்டில் கூடமும் சமையலறையும் மட்டும்தான். கூடத்துக்கு நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு துணி. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். நாலு வருஷம். நான் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் சொன்னாள், சத்தம் போடாமல், ஏதோ பட்டியல் வாசிக்கிற மாதிரி:

"நான் ஒருதடவ இருமினாக்கூட அந்தப் பக்கத்துலேந்து மருந்து குடிச்சியான்னு கேப்பீங்க. பொரண்டு படுத்தா என்னம்மா தூக்கம் வரலியான்னு கேப்பீங்க. பாசத்துலதான் கேட்டீங்க, தெரியும். எனக்கு அழணும்னா பாத்ரூமுக்குப் போயி கொழாயத் தொறந்துவிட்டுட்டு அழுவேன். இந்த மாடி ரூமுக்கு ஒரு கதவு இருந்துச்சு அத்தை. அதத்தான் நான் பாத்தேன். கூரைய நான் பாக்கல."

முப்பத்தோரு வருஷம் முகமூடிக்குள்ளே இருப்பதைப் படித்தவள் என்று உங்களிடம் பெருமை பேசினேன். ஒரு துணிக்கு அந்தப் பக்கம் இருந்தவளை நாலு வருஷம் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அந்தக் குழாய்ச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். இந்தப் பெண் தண்ணீரை வீணாக்குகிறாள் என்று மகனிடம் குறை சொல்லியிருக்கிறேன்.

உறையில் இருந்தது சங்கத்துக்கு அவள் எழுதிய கடிதம். என்னிடம் சொன்னதை எல்லாம் அப்படியே எழுதியிருந்தாள். "அப்பாவ அவரோட ஆளுங்க முன்னாடியே சோம்பேறின்னு சொல்ல வச்சுட்டேன். நீங்க படிச்சுட்டு ஒட்டி அனுப்புங்க. வேணாம்னா கிழிச்சுப் போட்டுடுங்க. உங்க வீடு, நீங்க சொல்றதுதான்" என்றாள்.

மூன்று நாள் அந்த உறை என் தலையணைக்கு அடியில் கிடந்தது. அனுப்பினால் கூரை கிடைக்காது. என் மகனுக்கும் தெரிந்துவிடும். கிழித்துப் போட்டால் கூரை வரும், வீடு அமைதியாக இருக்கும். உங்கள் மகள் ஆயுசுக்கும் என் முகத்தைப் பார்க்காமல் நடப்பாள், நீங்கள் தட்டாத ஆளாகவே செத்துப் போவீர்கள். சர்ஜனைப் பற்றி எழுதிக் கொடுத்தபோது எனக்கு ஒரு ராத்திரிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது வேறு ஒருவர் வீட்டுக் கஷ்டம், அதனால்தான் அவ்வளவு சுலபமாக இருந்தது என்று இப்போது தெரிகிறது.

நான்காம் நாள், முதலில் உன் புருஷனிடம் சொல் என்று அவளிடம் சொன்னேன். சொன்னாள். அவன் இரண்டு நாள் நடு ராத்திரிக்குத்தான் வீடு வந்தான். மூன்றாம் நாள் காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தத் துணியக் கட்டினதே நான்தானேம்மா" என்றான். அன்றைக்கே உறையை ஒட்டி நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

நேற்று பதில் வந்தது. கூரைக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். எதிர்பார்த்ததுதான். உங்கள் லைசென்ஸ் திரும்பி வராது, அதற்கு நான் வருத்தம் சொல்ல மாட்டேன். கேட்காத காதோடு நீங்கள் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. ஆனால் "தட்டாமல் சான்று கொடுத்தார்" என்ற வரியைத் தீர்ப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டாரே, அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

என் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். நான் இப்போது கூடத்தில். அவள் வேண்டாம் என்று மல்லுக்கு நின்றாள். நான் கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டேன். நேற்று மத்தியானம் முதல் தடவையாகக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கை கால் துடித்தது. காய்கறிக் கூடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

மாடிக் கூரையை என்ன செய்வது என்று தெரியவில்லை. முட்டோடு நிற்கிறது. நீங்கள் வர வேண்டும். மகன்தான் எழுதச் சொன்னான். வாசலுக்கு அவனே வருவான்.

உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அந்தப் பக்கத்தைப் படித்தேன். பலமுறை படித்தேன். டாக்டர் சீட்டு இருக்கிற பெட்டியிலேயே அதையும் வைத்தேன்.

மகள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். இருக்கிறது. என் காதை அவளிடம் கொடுத்திருந்தேன், அதை வைத்தே என்னை ஏமாற்றினாள். இங்கே வந்து சொல்லி அழுதபோது ஒரு வார்த்தைகூட ஆறுதல் சொல்லாமல் பஸ் ஏற்றிவிட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள் என்று நீங்கள் எழுதிய பிறகு அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எனக்கும் அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கொத்தனாரும் உடன் வருகிறார். கூரை முழுவதையும் இடிக்க வேண்டியதில்லை. கெட்டுப்போன இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிதாகப் போட்டுவிடலாம். பத்து நாள் வேலை. லைசென்ஸ் இல்லாதவன் வீட்டைப் பார்த்துச் சான்று கொடுக்கத்தான் கூடாது, மகள் வீட்டுக் கூரையைக் கொத்தலாம். அறைச் சாமான்களை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். சுண்டெலியை அந்தப் பத்து நாளும் நீங்கள் கீழேயே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், அது கொத்து வேலையைவிடக் கஷ்டம்.

எது கெட்டது, எது நல்லது என்று கொத்துவதற்கு முன்னால் பிரித்து அடையாளம் போட வேண்டும். அதற்குக் கொத்தனார் வேண்டாம். நான் தட்டுகிறேன், மகள் பக்கத்தில் நின்று கேட்டுச் சொல்லட்டும். காலி என்று அவள் சொல்கிற இடத்தில் கொத்துவோம். நல்லா இருக்குப்பா என்று அவள் சொல்கிற இடத்தில் கை வைக்காமல், அதன் கீழேயே பேத்தியின் கட்டிலைப் போடுவேன்.

சம்பந்தி